எந்தத் தறி ரிப்பேர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். 2024இல் உங்களுக்குப் பிடித்த கனத்த இசை (ஹெவி மெட்டல், அதை ஒட்டிய இசை) ஆல்பங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். சாட் பைல், ஷெல்லாக், பிளட் இன்கன்டேஷன், காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், காலி மலோன் என்று ஐந்து பெயர்கள். ஒன்றைக்கூட நான் முன்பின் கேட்டதில்லை. சரி, பார்க்கலாம் என்று சாட் பைலின் 'கூல் வேர்ல்ட்' ஆல்பத்தைப் போனில் போட்டேன்.

நாங்கள் சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறோம். எட்டுத் தறி, எல்லாம் நாடாத் தறி, கூலிக்கு நெய்கிறோம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தறிக் குடோனிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தத் தறி ரிப்பேர்?" என்று கேட்டார். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனாலும் அது கேட்டுவிட்டது. பிறகு குடோனுக்குள் வேலை நேரத்திலேயே இயர்போன் மாட்டி, சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்துக் கேட்டேன். அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை.

பிறந்ததிலிருந்து இரைச்சலுக்குள் இருக்கிறவன் நான். ஓய்வு நேரத்திலும் எதற்காக இரைச்சலைக் கேட்க வேண்டும்? அமெரிக்கக்காரர்களின் கோபத்தில் நமக்கு என்ன பங்கு? நம் பக்கத்து இசை ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லையே, ஏன்? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரும் வெளியிட வேண்டாம்.

சோமனூர் வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

இதில் தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இந்த ஆண்டு நான் படித்த இசை விமர்சனங்களில் உங்கள் அப்பா சொன்னதுதான் ஆகச் சிறியது. பெரும்பாலானவற்றைவிட நேர்மையானதும்கூட.

அவர் கேட்டது சரிதான் என்பதற்குக் காரணமும் இருக்கிறது. கிதாரின் ஆகத் தாழ்ந்த தந்தி, வழக்கமான சுருதியில், நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸ் கிதாரில் அது 41. சாட் பைல் ஆட்கள் தந்திகளை அதற்கும் கீழே தளர்த்தி வாசிப்பவர்கள். போனில் இருக்கும் ஸ்பீக்கரோ நகத்தளவு. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள எதையும் அதனால் உருப்படியாக எழுப்ப முடியாது. ஆகவே அந்த ஆல்பத்தின் அடிப்பகுதி முழுவதும் உங்கள் திண்ணைக்கு வந்து சேரவே இல்லை. வந்தது சிம்பலின் சிலம்பல், கிதாரின் கீச்சு, ஒரு மனிதர் கத்துவது, அவ்வளவுதான். அடிக்கனம் போய்விட்டால் மிச்சம் எண்ணெய் காணாத தறி மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவதாக நீங்கள் செய்த காரியம் எனக்குக் கவலை தருகிறது. நாடாத் தறி ஓடும் குடோனில் 90 டெசிபலுக்கு மேல் சர்வசாதாரணம். அதை மீறி இயர்போனில் இசை கேட்க வேண்டுமானால், இசை அதைவிடச் சத்தமாக இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94ஐத் தொட்டால் ஒரு மணி நேரம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 வரை அனுமதிக்கின்றன, ஆனால் காது சட்டம் படித்துவிட்டுக் கெடுவதில்லை. முதலில் போவது நொடிக்கு 4000 அதிர்வை ஒட்டிய மேல்பகுதி. மெல்லிய மெய்யெழுத்துகள் கரைந்துபோகும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன சொல்கிறார்கள் என்பது தெரியாது. அப்பாவுக்குக் 'கொஞ்சம் மந்தம்' என்று அடைப்புக்குறி போடாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு கோவை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் கேட்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். குடோனுக்குள் காதில் போட வேண்டியது அடைப்பான். இயர்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இசை அப்புறம்.

இனி உங்கள் முதல் கேள்வி. தறிச்சத்தம் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை நாடா அடிக்கிறது, பாவு நூல் தீரும்வரை, அல்லது கரண்டு போகும்வரை. அதில் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்க எதுவுமே இல்லை. அதனால்தான் அதற்குள் உங்களால் தூங்கவும் முடிகிறது. நான் சொன்ன ஆல்பங்களில் அதே மாதிரியான சத்தம் உண்டு. ஆனால் எங்கே தொடங்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது, எந்த இடத்தில் சட்டென்று அறுப்பது என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். கேட்பவரின் வேலை அந்தத் தீர்மானங்களைப் பின்தொடர்வது. பிளட் இன்கன்டேஷனின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தில் மொத்தம் இரண்டே உருப்படிகள், ஒவ்வொன்றும் இருபது நிமிட அளவு. டெத் மெட்டல் என்கிற, உறுமிக்கொண்டு போகிற கனத்த இசை திடீரென விலகி, எழுபதுகளின் ஜெர்மன் சிந்தசைசர் இசைக்குள் மிதக்கும். அந்த ஜெர்மன் இசைக்குப் பேர்போன டேஞ்சரின் டிரீம் குழுவின் தோர்ஸ்டன் குவாய்ஷ்னிங் அந்தப் பகுதியில் வந்து வாசித்திருக்கிறார். பதிவும் பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில்தான். எல்லோரும் அந்த மிதப்பைப் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்தது மிதப்பிலிருந்து உறுமலுக்குத் திரும்பும் இணைப்பு. பாவில் முடிச்சுத் தெரியாமல் பிணைக்கிற கை உங்களுக்குத் தெரியும், ஆகவே இந்த இணைப்பும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே காதில் படும்.

இயந்திரம் ஓடும் ஊர்களுக்கு இந்த இசை அந்நியமும் அல்ல. அது பிறந்ததே அப்படி ஓர் ஊரில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1965இல் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் தன் கடைசி நாள் வேலையில் இருந்தான். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடது கைப் பழக்கக்காரன் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தான், மேலே தோல் ஒட்டினான். விறைப்பான தந்தியை அழுத்த முடியாததால் மெல்லிய தந்திகளுக்கு மாறினான், பிற்பாடு சுருதியையும் இறக்கினான். 1970இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. இன்று ஹெவி மெட்டல் என்று சொல்லப்படுவதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் வார்ப்படப் பட்டறை, பிரஸ், லேத் என்று விரல் இழந்தவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அமெரிக்கக் கோபத்தில் நமக்கு என்ன பங்கு என்றீர்கள். சாட் பைலைப் பட்டியலில் முதலாவதாக வைத்ததற்கு இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓக்லஹோமா நகரத்துக் குழு அது. அவர்களுடைய மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் பிச்சர் என்று ஓர் ஊர் இருந்தது. ஈயமும் துத்தநாகமும் பல்லாண்டுகள் தோண்டினார்கள். தாது எடுத்தபின் மிஞ்சிய கல்பொடியை ஊருக்குள்ளேயே குன்றுகுன்றாகக் கொட்டினார்கள். குழந்தைகள் அந்தக் குன்றுகளில் விளையாடினார்கள், அவர்களுடைய ரத்தத்தில் ஈயம் ஏறியது. சுரங்கத்திலிருந்து வந்த நீர் கலந்து டார் கிரீக் என்ற ஓடை செம்பழுப்பாக ஓடியது. நிலம் உள்வாங்கத் தொடங்கியதும் அரசாங்கம் வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. 2009இல் பிச்சர் ஊர் என்ற தகுதியையே இழந்தது. அந்தக் கழிவுக் குன்றுகளின் பெயரைத்தான் இவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நொய்யல் நினைவுக்கு வரவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். வெள்ளியங்கிரியில் தெளிவாகப் புறப்படும் ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் போயிற்று. பாசனத்துக்கென்று 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே சொன்ன அணை வேறெங்கே இருக்கிறது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஆறு பிழைத்தது என்று மகிழ்ந்தவர்களும் பிழைப்பு போயிற்று என்று அழுதவர்களும் பல வீடுகளில் ஒரே குடும்பத்தார். அந்த இரண்டையும் ஒரே தொண்டையிலிருந்து எழுப்பினால் எப்படி இருக்கும்? சாட் பைலின் பாடகர் பாதி பேசுகிறார், பாதி புலம்புகிறார், இடையில் குரல் உடைந்து அலறுகிறார். எனக்கு அது வெறும் கோபமாகப் படவில்லை. பழி யார்மேல் என்று தெரிந்தும், அந்தப் பழியில் தனக்கும் பங்கு உண்டென்று தெரிந்தவன் போடுகிற கூச்சல் அது. நம்முடைய திரைப்பாட்டில் இதற்கு இடமில்லை. நம் கவிதையிலும் குறைவு.

ஷெல்லாக்கின் 'டு ஆல் டிரெய்ன்ஸ்' வேறு தினுசு. ஒரு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், இருபத்தெட்டு நிமிடம். அதன் கிதார்க்காரர் ஸ்டீவ் அல்பினி 2024 மே 7ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். பத்து நாள் கழித்து ஆல்பம் வந்தது. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் 1993 ஆல்பத்தைப் பதிவு செய்தவர் அவர். விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் வேலை செய்பவருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள் என்று அவர்களுக்குக் கடிதமே எழுதியவர். தயாரிப்பாளர் என்ற பட்டமும் அவருக்குப் பிடிக்காது, ஒலிப்பதிவுப் பொறியாளர் என்றே சொல்லிக்கொண்டார். 2022இல் கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் தறியை நிறுத்திய ஊர்க்காரர் நீங்கள். கூலி என்பதைத் தாழ்வாக நினைக்காத இந்த மனிதரை உங்களுக்குப் பிடிக்கும். டிரம்ஸைக் கவனியுங்கள். அடி விழுவது ஒரு சத்தம், அது அறையின் சுவரில் பட்டுத் திரும்புவது இன்னொரு சத்தம். தரையில், தள்ளித்தள்ளி மைக் வைத்து அந்த அறையையும் சேர்த்தே பிடிப்பது அவர் வழக்கம். அடிகளுக்கு நடுவில் விடும் வெற்றிடங்கள் அதனால்தான் அத்தனை பெரிதாகத் தெரிகின்றன.

காட்ஸ்பீட் குழுவின் ஆல்பத்துக்குத் தலைப்பு கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 2024 பிப்ரவரி 13 என்ற தேதியும், அன்றுவரை காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையான 28,340ம் இருக்கின்றன. பாடும் குரல் இல்லை. அதைப் பற்றி நான் எழுதிக்கொண்டு போவது முறையல்ல, கேளுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று பற்றி வேறு சிலர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்து: சுமாக் குழுவின் 'தி ஹீலர்' எழுபத்தாறு நிமிடம், நான்கே உருப்படிகள். மதிக்கிறேன். மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கத்து இசை ஏன் இல்லை? இந்த இடத்தில் 'இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது' என்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், அதில் எனக்குச் சேர விருப்பமில்லை. நம் கொங்குப் பக்கத்து முரசான துடும்பு துடும்புதான், அதற்கு ஓக்லஹோமாவின் சான்றிதழ் வேண்டாம். ஆனால் நோம்பி என்கிற ஊர்த் திருவிழாவில் துடும்பும் ஜமாப்பும் முழங்கும்போது நெஞ்சுக்கூட்டில் இறங்குகிற அந்த அடியை ஒழுங்காகப் பதிவு செய்த ஆல்பம் ஒன்றுகூட 2024இல் என் கைக்கு வரவில்லை. வருவதெல்லாம் போனில் எடுத்த வீடியோக்கள். உங்கள் திண்ணையில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது, அடிப்பகுதி காணாமல் போய்விடுகிறது. அறுபதுகளின் நடுவில் பிரெண்டா பெக் என்ற கனடாக்கார மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடிய கொங்கு நாட்டுப்புறக் காவியமான அண்ணமார் கதையை ஒலிநாடாவில் பிடித்து வைத்தார். அதற்குப் பின் வந்த கருவிகளெல்லாம் எத்தனையோ மடங்கு மேல். உட்கார்ந்து பதிய ஆள்தான் இல்லை. கோவையில் இத்தனை ஸ்டுடியோக்கள் இருக்கின்றன, கல்யாண வீடியோவுக்கும் பக்திப்பாட்டுக்கும் போக ஒரு வார இறுதியைத் துடும்புக்காரர்களுக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

எதிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலி மலோனின் 'ஆல் லைஃப் லாங்'. உங்கள் காதுக்கு இப்போது அதுதான் நல்லது. குழாய் ஆர்கன், சேர்ந்திசைக் குரல்கள், பித்தளைக் கருவிகள். கத்தல் கிடையாது, தாளமும் கிடையாது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து நிற்கிற மாதிரி ஒரு சுரம் நிற்கும், அதன்மேல் இன்னொன்று மெதுவாக வந்து சாயும். சத்தமே போடாமல் கனமாக இருப்பது எப்படி என்று அதில் தெரியும். குடோன் நின்ற பிறகு, வீட்டில், காதை மூடும் ஹெட்போனில், பாதிக்கும் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து ஷெல்லாக். சாட் பைல் கடைசியாக இருக்கட்டும், அதையும் அப்பாவை வைத்துக்கொண்டு.

இவற்றைப் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடிப் பாருங்கள். காசு கொடுக்காமலேயே பெரும்பாலும் கேட்டுப் பார்க்கலாம். பிடித்து வாங்கினால் தளம் எடுப்பது நூற்றுக்குப் பதினைந்து, கட்டணச் செலவு போக மிச்சம் இசைக்காரர்களுக்கும் அவர்களுடைய வெளியீட்டாளருக்கும் போகிறது. கூலிக்கு நெய்கிறவர் நீங்கள், இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணன்