சாவி பொறித்த சிவப்புச் சிலுவைக்கு 400 யூரோ கொடுக்கலாமா?

கேள்வி: ஹாம்பர்கில் வேலை பார்க்கிறேன். பழைய பதக்கங்கள் சேர்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு பெரியவர் இரண்டு சிலுவைப் பதக்கங்களைக் காட்டினார். ஒன்று சிவப்பு எனாமல் பூசியது, நடுவில் ஒரு சாவி. மற்றது வெண்கல நிறம், 1914, 1918 என்ற ஆண்டுகளும் வாள்களும் இருக்கின்றன. "தாத்தாவுடையவை, இரண்டுமே அபூர்வம்" என்று சேர்த்து 400 யூரோ கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: சேர்த்து வாங்காதீர்கள். தனித்தனியாக விலை கேளுங்கள்.

வாள்கள் உள்ளது முதல் உலகப் போரில் முன்னணியில் நின்றவர்களுக்கான கௌரவச் சிலுவை. ஹிண்டன்பர்க் சிலுவை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1934-இல் ஏற்படுத்தப்பட்டு, 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டது. இதில் அபூர்வம் எதுவும் இல்லை. பெற்றவரின் பெயர் எழுதிய சான்றிதழ் கூடவே கிடைத்தால் மதிப்பு கொஞ்சம் கூடும். பேச்சில் வரும் தாத்தா கதைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சிவப்புச் சிலுவை வேறு சங்கதி. அன்றைய ஜெர்மானியப் பேரரசில் பிரஷ்யா, பவேரியா என்று ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பதக்கம் வழங்கியது. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகிய மூன்று சுதந்திர நகரங்களும் 1915-இல் தங்களுக்கென்று ஹான்சியாட்டிக் சிலுவையை (ஹான்சா என்ற பழைய வணிகக் கூட்டணியின் பெயரால்) ஏற்படுத்தின. கோட்டை இருந்தால் ஹாம்பர்க், இரட்டைத் தலைக் கழுகு இருந்தால் லூபெக், சாவி இருந்தால் பிரேமன். பின்பக்கம் 'ஃப்யூர் ஃபெர்டீன்ஸ்ட் இம் க்ரீகே 1914' என்று இருக்க வேண்டும். 'போரில் ஆற்றிய சேவைக்காக' என்று பொருள். மூன்றில் ஹாம்பர்க் சிலுவைதான் அதிகம் கிடைக்கும். பிரேமன் சிலுவையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் உங்கள் கண்ணில் பட்டது நல்ல பொருள்தான், அசலாக இருந்தால்.

அதை எனாமலை வைத்துப் பாருங்கள். அசல் எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பிப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், நூறு வருடப் பொருளுக்கு அது இயல்பு. ஆனால் சிலுவைக் கைகளின் முனையில் சில்லு பெயர்ந்திருந்தால் விலை சட்டென்று இறங்கும். பெயர்ந்த இடத்தைப் பெயின்ட் வைத்து நிரப்பியும் விற்பார்கள். சின்னப் புற ஊதா விளக்கை அடித்தால் அந்த இடம் மட்டும் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும். அதே விளக்கில் நாடாவின் நூல் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், நாடா பெரும்பாலும் பிற்காலத்தது. நாடா மாற்றியதாலேயே பதக்கம் போலி ஆகிவிடாது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, உலோகத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், அச்சில் வார்த்த நகலாக இருக்கலாம், அப்போது விலகிவிடுங்கள்.

அப்புறம் விலை. இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலங்களில் பிரேமன் சிலுவை உண்மையில் விற்றுப்போன விலையை, அதே நிலையில் உள்ள நாலைந்து பதக்கங்களுக்குத் தேடி எடுங்கள். ஏல நிறுவனம் மேலே கமிஷன் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவரிடம் இரண்டு பக்கமும் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதக்கம் வேண்டாம்.

வாங்கினால் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். காலப்போக்கில் உலோகத்தில் படிந்த கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது, என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.