பன்னிரண்டு பேருக்கு மஃப்ளர் பின்ன முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன், முழுநேர வேலை. மகள் தொடக்கநிலை ஆறு. பின்னல் ஊசி பிடிக்கப் போன ஆண்டுதான் கற்றுக்கொண்டேன்; நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் வரும். அம்மா, மாமியார், கணவர், மகள், அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், அலுவலகத் தோழிகள் மூவர், கைக்குழந்தை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் எனப் பன்னிரண்டு பரிசுகள் வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் ஆளுக்கொரு மஃப்ளர் பின்ன ஆசை. இப்போது செப்டம்பர் தொடக்கம். வாரத்தில் ஐந்து இரவு, முக்கால் மணி நேரம் கிடைக்கும். எவ்வளவு நூல் வாங்கட்டும்?

பதில்: நூல் கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் கண்ணிகளை, அதாவது ஊசியில் போடும் ஒவ்வொரு வளையத்தையும், எண்ணிப் பார்ப்போம்.

8 பிளை என்ற நடுத்தரத் தடிமன் நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 22 கண்ணி, 10 செ.மீ. நீளத்துக்கு 28 வரிசை வரும். 20 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளமுள்ள மஃப்ளர் என்றால் 44 கண்ணி, 420 வரிசை. மொத்தம் 18,480 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு மஃப்ளருக்குப் பதினைந்தரை மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டுக்கு 185 மணி நேரம். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம்; கைப்பேசியில் ஐந்து நிமிடம் வைத்துப் பின்னிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கையில் இருப்பது எவ்வளவு? டிசம்பர் நடுப்பகுதிவரை 15 வாரம். மகளின் பிஎஸ்எல்இ (தொடக்கநிலை இறுதித் தேர்வு), தீபாவளி இரண்டுக்குமாக மூன்று வாரம் போய்விடும். அந்த வாரங்களில் ஊசியைத் தொடுவேன் என்று உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுக்காதீர்கள். மீதம் 45 மணி நேரம். ஆகவே பன்னிரண்டு மஃப்ளர் நடக்காது. நடந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பகலில் 32 டிகிரி அடிக்கிற ஊரில் மஃப்ளரைப் பன்னிரண்டு பேரும் நன்றி சொல்லி வாங்கி, அலமாரியின் அடியில் வைத்துவிடுவார்கள்.

யாருக்கு எங்கே குளிரும் என்று யோசியுங்கள். அம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் ஏசிக்குக் கீழே காத்திருக்கும்போது குளிரும். அவருக்கு ஒரு மெல்லிய பருத்திச் சால்வை பின்னுங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு இதற்குப் போகட்டும். 5.5 மி.மீ. ஊசியில் தளர்வாகப் பின்னினால் 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 22 வரிசை என்று வரும். 35 செ.மீ. அகலத்துக்கு 56 கண்ணி, 150 செ.மீ. நீளத்துக்கு 330 வரிசை. பெருக்கிப் பாருங்கள், அதே 18,480தான்! உழைப்பு மஃப்ளருக்கு ஆனதே, துணியோ ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். காற்றும் புகும்.

நூல் எவ்வளவு என்று கேட்டீர்கள். ஒரு பந்து மட்டும் வாங்கி, அதே ஊசியில் 10 செ.மீ. சதுரமாக மாதிரித் துண்டு ஒன்று பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 5 கிராம் இருந்தால், சால்வையின் பரப்பு அந்தச் சதுரத்தைப் போல 52 மடங்கு என்பதால் 260 கிராமுக்குச் சற்று மேல் ஆகும். 300 கிராம், அதாவது 50 கிராம் பந்து ஆறு வாங்குங்கள். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் பக்கம் போனால் நூலைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். லேபிளில் சாய எண் அச்சிட்டிருக்கும். எல்லாப் பந்திலும் ஒரே எண்ணா என்று பாருங்கள். எண் மாறினால் அதே நிறத்திலும் சால்வையின் நடுவே கோடு விழும்.

அண்ணன் குடும்பம் டிசம்பர் விடுமுறைக்குக் கொரியா, ஜப்பான் என்று குளிர்நாட்டுப் பக்கம் போகிறதா? கேட்டுவிடுங்கள். போனால் நான்கு பேருக்கும் தொப்பி. தடித்த நூலில் 70 கண்ணி, 44 வரிசை. ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம். வட்டமாகப் பின்னத் தெரியாவிட்டால் நேராகப் பின்னி ஓரத்தைத் தைத்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தலையை அளந்து கண்ணியைக் குறையுங்கள். இதற்குப் பருத்தி கூடாது. இழுத்தால் மறுபடி சுருங்காது, தொப்பி கண்ணை மறைக்கும். கம்பளி நூல்தான் சரி. அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டதாக வாங்குங்கள். சாதாரணக் கம்பளியை மெஷினில் போட்டால் இழையிலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, தொப்பி பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிவிடும். விமானம் ஏறுமுன் கொடுக்க வேண்டும் என்பதால், மற்ற எதற்கும் முன்னால் தொப்பிகளை முடியுங்கள். பயணம் இல்லை என்றால் தொப்பியும் இல்லை.

மாமியார் சமைப்பவர் என்றால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. பருத்தியில் இரண்டு சதுரம் பின்னி ஒன்றாகச் சேர்த்துத் தையுங்கள், நான்கரை மணி நேர வேலை. அக்ரிலிக் நூலை இதற்குத் தொடவே வேண்டாம். சூட்டில் உருகும், கையைச் சுட்டுவிடும்.

குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் எச்சில் துணி ஒன்று, மெத்தென்ற பருத்தியில், இரண்டு மணி நேரம். பொத்தான், குஞ்சம் எதுவும் தைக்காதீர்கள், பிய்ந்தால் வாய்க்குள் போகும். தூங்கவைக்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். கம்பளிக் காலுறை பார்க்க அழகுதான். இந்த வெயிலில் குழந்தைக்கு எதற்கு?

தோழிகள் மூவருக்கும் நல்ல முறுக்கு டப்பா போதும். கணவருக்குப் பொங்கல்வரை தவணை சொல்லிவிடலாம். மகளுக்கு, தேர்வு முடிந்ததும் ஒரு ஜோடி ஊசியும் ஒரு பந்து நூலும் கொடுங்கள்.

இப்போது கூட்டினால் சால்வை பதினைந்தரை, தொப்பிகள் பத்து, மற்றவை ஆறரை, ஆக 32 மணி நேரம். நூல்முனைகளைச் செருகுவது, தப்பாகப் போனதைப் பிரிப்பது, அலசிக் காயவைப்பது இதில் சேரவில்லை. அதற்கு இன்னும் எட்டு மணி நேரம் வையுங்கள். உங்கள் 45க்குள் அடங்குகிறது.

முடிந்ததை இங்குள்ள ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சை வாடை வரும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சால்வையோடு ஒரு சின்ன அட்டையும் கட்டிவிடுங்கள்: ‘மூங்கில் கழியில் தொங்கவிட வேண்டாம், துண்டின்மேல் விரித்துக் காயவைக்கவும்.’ ஈரப் பருத்தி தன் பாரத்திலேயே இழுபட்டு நீண்டுவிடும். அம்மாவின் சால்வை முழங்காலைத் தொட்டுவிடும்.