அண்டர்டேல்: அண்டைனிடம் மாட்டியவருக்கு

அண்டர்டேல் வீடியோ கேமில் யாரையும் கொல்லாமல் வந்து அண்டைன் என்கிற எதிரியிடம் மாட்டியிருக்கிறீர்கள், எதிரியைக் கொல்லாமல் விடும் ஸ்பேர் பொத்தானை அழுத்தினாலும் விடமாட்டேன் என்கிறாள், "இதையா தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். இந்தச் சண்டையில் ஸ்பேர் வேலை செய்யாது, ஓடித்தான் தப்பிக்க வேண்டும். அதை ஆட்டம் நேராகச் சொல்லித் தொலைக்காது.

சண்டைத் திரையில் உங்களைக் குறிக்கும் இதயம் பச்சையாக இருக்கும்வரை ஓட முடியாது. கேடயத்தை மட்டும் திருப்புங்கள். அடுத்து வந்து படப்போகும் அம்பு சிவப்பாகத் தெரியும், கண் அதிலேயே இருக்கட்டும். மஞ்சள் அம்பு கிட்டே வந்ததும் எதிர்ப்பக்கம் தாவிவிடும், அதனால் வரும் திசைக்கு நேர் எதிரே தடுங்கள். இதயம் சிவப்பானதும் உங்கள் முறையில் மெர்சி பொத்தானுக்குள் போய் ஃப்ளீ, அதாவது ஓட்டம், அழுத்துங்கள். துரத்திப் பிடித்தால் மறுபடியும் இதே கதைதான். அடுத்த பகுதியான ஹாட்லேண்டின் பாலம் தாண்டினால் வெப்பத்தில் சுருண்டு விழுவாள். பக்கத்துத் தண்ணீர் இயந்திரத்தில் ஒரு குவளை பிடித்து அவள்மேல் ஊற்றுங்கள்.

கொல்லாதவர்களுக்கு உயிர்ப்புள்ளி 20-லேயே நிற்கும். ஆமைத் தாத்தா கெர்சன் கடையில் கிராப் ஆப்பிள் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு 18 புள்ளி ஏறும்.

2015-இல் வந்ததிலிருந்தே இதைப் பற்றி இரண்டு கட்சிதான். வரைகலை எளிமை, நடை மெதுவு என்கிற குறை உண்மை. ஆனால் முன்பே சந்தித்த எலும்புக்கூடு பப்பைரஸ் பேச்சுக்கே உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையென்றால், தாராளமாக நிறுத்திவிடலாம். மீதியும் அதே வகை நகைச்சுவைதான்.