ஹோமினிட்டா, ஹோமினினா?

கேள்வி: தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு கையேட்டில் மனித மூதாதையருக்கு ‘ஹோமினிட்’ என்றும், இன்னொன்றில் ‘ஹோமினின்’ என்றும் இருக்கிறது. அச்சுப்பிழையா? எதை எழுதுவது?

பதில்: அச்சுப்பிழை இல்லை. ‘ஹோமினின்’ என்றே எழுதுங்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’ என்ற லத்தீன் சொல். விலங்கியலில் ‘இடே’ என்று முடியும் பெயர் ஒரு குடும்பத்தைக் குறிக்கும். ‘இனி’ என்று முடிவது அதற்குள் அடங்கும் சிறு பிரிவு. ஹோமினிடே என்ற குடும்பப் பெயரை 1825-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே வைத்தார். அதில் நெடுங்காலம் மனிதனும் அழிந்துபோன அவன் உறவினரும் மட்டுமே இருந்தார்கள். பெருங்குரங்குகளைப் ‘பாஞ்சிடே’ என்று தனியே ஒதுக்கியிருந்தார்கள். அப்புறம் மரபணுக்களை ஒப்பிட்டபோது, சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட மனிதனே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஆகவே பெருங்குரங்குகளும் ஹோமினிடேக்குள் வந்துவிட்டன. இன்று ஹோமினிட் என்றால் ஒராங்குட்டானும் சேர்த்தி. மனிதக் கிளைக்கு மட்டும் என்றால், ‘ஹோமினினி’ என்ற சிறு பிரிவின் பெயரால் ஹோமினின்.

கையேடு வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். சிம்பன்சியைப் ‘பாஞ்சிடே’ குடும்பத்தில் போட்டிருந்தால் அது பழைய சரக்கு. அட்டையை மட்டும் மாற்றி ‘திருத்திய பதிப்பு’ என்று விற்கிறார்கள். இந்த வியாபாரிகளிடம் மாணவர்கள் பணத்தையும் மதிப்பெண்ணையும் சேர்த்து இழக்கிறார்கள். விடைக்குறிப்பு தயாரிப்பவர்களும் அதையே பார்த்து எழுதினால் சரியாக எழுதியவருக்கு என்ன வழி? ஒரு தலைமுறைக் காலமாகியும் இதைத் திருத்தாமல் இருப்பது பெரிய அநியாயம்.

இன்னொரு பொறி, ‘ஹோமினின் என்றால் மூதாதையர்’ என்று மனப்பாடம் செய்வது. 1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டைப் பாருங்கள். அகன்ற கடைவாய்ப் பற்கள், உச்சியில் தாடைத் தசை பற்றிக்கொள்ள ஒரு எலும்பு முகடு. இன்று பாராந்த்ரோபஸ் பாய்செய் என்கிறோம். அதுவும் ஹோமினின்தான். ஆனால் அது நம் பாட்டன் வழி இல்லை, வாரிசின்றி அற்றுப்போன பங்காளி வழி.

ஒரு விலக்கு உண்டு. சில ஆய்வாளர்கள் ஹோமினினி பிரிவில் சிம்பன்சியையும் சேர்க்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் மனிதக் கிளையின் பெயர் ‘ஹோமினினா’. ஓரெழுத்துதான் மாறுகிறது, ஆனால் சிம்பன்சி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே மாறிவிடுகிறது. அதனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் சிம்பன்சியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். வெளியே என்றால் நான் சொன்ன பொருளே. உள்ளே என்றால், அவர்கள் ‘ஹோமினினா’ என்பதை நீங்கள் ‘ஹோமினின்’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

விரிவான விடையில், ‘சிம்பன்சிக் கிளையிலிருந்து பிரிந்தபின் மனிதக் கிளையில் தோன்றிய எல்லாரும் ஹோமினின்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பழைய குறிப்பை வைத்துத் திருத்துபவரும் அதற்கு மதிப்பெண் குறைப்பது கடினம்.