ஆராய்ச்சி மணி

கேள்வி: பசிபிக் தீவு மக்களைப் பற்றி மேல்நாட்டார் நடத்திய மானுடவியல் ஆராய்ச்சியை நம்பலாமா? சமோவாவில் ஆராய்ச்சி செய்த மார்கரெட் மீட் ஏமாற்றப்பட்டார் என்கிறார்களே, உண்மையா? நம் தமிழறிஞர்கள் ஏன் அங்கே போய் ஆராய்ச்சி செய்வதில்லை?
– வாசகர் ஒருவர், குளித்தலை

பதில்: மூன்று வரியில் மூன்று ஆராய்ச்சி. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மானுடவியல் நினைவுக்கு வருவதில்லை, திருவாரூர்தான் வருகிறது. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டியது ஆராய்ச்சி மணி. குறை உள்ளவர் வந்து கயிற்றை இழுக்க வேண்டும். அரசன் எழுந்து வந்து என்னவென்று கேட்க வேண்டும். கன்றை இழந்த பசு வந்து இழுத்தது, கதை நமக்குத் தெரியும். பிற்கால ஆராய்ச்சியில் முறை மாறிப்போயிற்று. பெட்டி படுக்கையோடு கப்பலில் வந்து இறங்குகிறவர் மணியை அடிக்கிறார். ஊரார் வரிசையாக வந்து அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், தாய்மாமன் பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பசுவிடம் குறை கேட்பாரில்லை, கொம்பை மட்டும் அளந்துகொள்கிறார்கள். நியூசிலாந்தின் மவோரிப் பேராசிரியை லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல், தொல்குடி மக்களின் அகராதியிலேயே மிக அழுக்கான சொற்களில் ஒன்று ஆராய்ச்சி என்று எழுதினார். நீங்கள் அதை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். கையைக் கழுவிக்கொண்டு மேலே படியுங்கள்.

மீட் அம்மையாரை விரைவாகவே முடித்துவிடலாம். 1925இல் சமோவா போய் இறங்கியபோது அவருக்கு வயது 23. டாஊ தீவில் அமெரிக்கக் கடற்படை மருந்தகத்தில் தங்கி, 68 பெண்பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். சமோவாப் பெண்பிள்ளைகள் காதல் விஷயத்தில் பெரிய கட்டுப்பாடோ மனக்கலக்கமோ இல்லாமல் வளர்கிறார்கள் என்று சொல்லும் நூல் 1928இல் வந்தது, பேரும் புகழும் வந்தது. 1978இல் அவர் இறந்தார். ஐந்தாண்டு கழித்து டெரெக் ஃப்ரீமன் என்ற இன்னொரு மானுடவியலாளர் மறுப்பு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள் கூட்டம் போட்டு, அந்த மறுப்பு நூல் அறிவியல் அல்ல என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். அறிவியலா இல்லையா என்பதை வாக்கெடுத்து முடிவு செய்த அறிஞர் சபை! நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில்கூட நெல்லின் ஈரத்தை வாக்கெடுத்துப் பார்ப்பதில்லை. பிறகு 1980களின் கடைசியில் ஒரு சமோவாப் பாட்டியைத் தேடிப்பிடித்து, நாங்கள் மீட் அம்மாளிடம் காதல் கதைகளை விளையாட்டாகச் சொன்னோம் என்று பைபிள் மேல் சத்தியம் செய்ய வைத்தார்கள். அந்தப் பாட்டியின் பேச்சை நம்பி மீட் நூல் எழுதவில்லை என்று பால் ஷங்க்மன் என்ற மானுடவியலாளர் 2009இல் விரிவாகக் காட்டிவிட்டார். என் கணக்கில் மீட் ஏமாறவில்லை, அவசரப்பட்டார். அவசரம் பத்திரிகைக்காரன் மன்னிக்கக்கூடிய குற்றம்.

தமிழறிஞர்கள் ஏன் போவதில்லை என்கிறீர்கள். யார் சொன்னது? எனக்குத் தெரிந்த ஒரு புலவர் வீட்டுச் சாய்வு நாற்காலியை விட்டு எழாமலே பசிபிக் முழுவதையும் சுற்றி வந்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு கடிதம். ஈஸ்டர் தீவு என்பது 'ஈசர் தீவு'. டோங்கா 'தோணிக்கா'. பிஜி 'பிச்சி'ப்பூ. மவோரி 'மாவீரர்'. ஈஸ்டர் தீவை 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி ரோக்கவீன் கண்டதால் அந்தப் பெயர், தீவு மக்கள் அதை ராப்பா நூயி என்கிறார்கள் என்று ஒருமுறை பதில் போட்டேன். அடுத்த தபாலில், 'ரோக்கவீன் என்பது உருக்கவேள்' என்று வந்தது. அன்றோடு நான் பதில் போடுவதை நிறுத்திவிட்டேன், அவர் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார்.

புலவரின் பிரம்மாஸ்திரம் நியூசிலாந்துத் தமிழ் மணி. இது கட்டுக்கதை அல்ல. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, 1830களில், வடக்குத் தீவில் மவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். விழுந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாம், தலைமுறைகளாக அவர்களிடம் இருந்ததாம். பாத்திரம் அல்ல, உடைந்த மணி. அதன் மேல் தமிழ் எழுத்து: 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி'. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (கொலென்சோ அச்சுத் தொழிலாளி. அவர் கொண்டுபோன அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் எழுத்துப் பெட்டிகள் இல்லை, காகிதமும் இல்லை. அப்படியிருந்தும் மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு முடித்தார். எல்லா வசதியும் இருந்தும் தீபாவளி மலரைப் பொங்கலுக்குக் கொண்டுவரும் எங்கள் அச்சகத்தாரின் பார்வைக்கு இதை வைக்கிறேன்.)

புலவர் இந்த மணியை வைத்துத் தமிழர்தான் நியூசிலாந்தைக் கண்டார்கள் என்கிறார். நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: மணி வந்தது சரி, கப்பல் வந்ததா? என் மேசையில் ஒரு ஜப்பான் கடிகாரம் இருக்கிறது. ஜப்பானியர் யாரும் வந்து வைக்கவில்லை. இன்னொன்று, அது ஒரு முகையதீனின் மணி. கடலோடிய தமிழ் முஸ்லிம் ஒருவரின் சொத்து. சோழர் கடற்படை என்று புலவர் மேடையில் முழங்கும்போது இந்தப் பெயரை மட்டும் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபத்தில் பாதி இதற்குத்தான். அந்த மவோரிப் பெண்களையாவது பாராட்ட வேண்டும். கவிழ்த்தால் மணி, நிமிர்த்தினால் சட்டி என்று கண்டுகொண்டார்கள். எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் கிழங்கு வெந்தது.

நம்பலாமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. அதற்கு ஒரு கதை, நம் நீலகிரி வரை வருகிற கதை. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் தலைமையில் ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போயிற்று. அதில் ரிவர்ஸ் என்ற மருத்துவர். தீவு மக்களின் கண்பார்வையைச் சோதிக்கப் போனவர், பார்வைத் திறன் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா என்று அறிய மெர் தீவில் யார் யாருக்குப் பிள்ளை என்று கேட்டு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்தபோது ஊரின் வம்சாவளி முழுவதும் கையில் இருந்தது. அதே முறையை எடுத்துக்கொண்டு 1901இல் நீலகிரிக்குத் தோடர்களிடம் வந்தார். தோடர்களோ இறந்துபோன உறவினர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். மனிதர் வேறு ஆட்களைப் பிடித்துக் கேட்டு எழுதினார். அப்புறம் நடந்ததுதான் விஷயம். அவருக்கு இரகசியச் சடங்குகளைச் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவர் மனைவியைப் பறிகொடுத்தார், ஒருவருடைய பால்கோயில், அதாவது எருமைப்பால் கடையும் கோயில், தீப்பிடித்தது. வெள்ளைக்காரனிடம் வாயைத் திறந்ததற்குத் தெய்வம் தந்த தண்டனை என்று குறி சொல்பவர்கள் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் ரிவர்ஸ் ஒளிக்கவில்லை, தம்மேல் வந்த புகாரைத் தம் நூலிலேயே அச்சிட்டார். எனக்கு அவரைப் பிடிப்பது அதனால்தான்.

மெர் தீவில் எழுதிய வம்சாவளி என்ன ஆயிற்று? நூலகத்தில் எண்பது ஆண்டு தூங்கிற்று. 1982இல் அந்தத் தீவுக்காரர் எடி மாபோவும் இன்னும் நால்வரும், எங்கள் நிலம் எங்களுடையது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத மண் என்பதுதான் அதுவரை அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. இல்லை, இன்னார் மகன் இன்னார் இந்தத் தோட்டத்தை ஆண்டார் என்று காட்ட வந்து நின்ற சான்றுகளில் கேம்பிரிட்ஜ் குழு எழுதிவைத்த ஏடுகளும் உண்டு. 1992 ஜூன் 3 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் தீவு மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். கண்பார்வை சோதிக்க வந்தவர் எழுதிய காகிதம் பட்டாவாக நின்றது. திருவாரூரில் இருந்தது இந்த மணிதான், கயிறு இந்த முறை சரியான கையில் இருந்தது.

ஆகவே நம்பலாமா என்றால், பெயர்ப் பட்டியலை நம்புங்கள், பெயருக்கு உரியவர்களைப் பற்றிய வருணனையைச் சற்றுத் தள்ளி நின்று படியுங்கள். எபெலி ஹவுஓஃபா என்ற டோங்காக்காரர், தாமே மானுடவியல் படித்துப் பட்டம் வாங்கியவர், 1975இல் தம் கூட்டத்தாரை ஒரு பிடி பிடித்தார். நியூகினிப் பக்கத்துத் தீவு மக்களான மெலனீசியரைப் பற்றி இத்தனை எழுதினீர்களே, அவர்கள் சண்டையிடுகிறார்கள், போட்டியிடுகிறார்கள், பரிசம் கொடுக்கிறார்கள், சூனியம் வைக்கிறார்கள், அன்பு, இரக்கம் என்று ஏதாவது அவர்களுக்கு உண்டா என்று உங்கள் எழுத்திலிருந்து தெரியவில்லையே என்றார். பிற்பாடு அலுத்துப்போய்ச் சிரிப்புக் கதைகள் எழுதினார். அவை பல ஆராய்ச்சிகளைவிட உண்மையானவை.

கடைசியாக ஒரு செய்தி. புலவருக்குத் தெரியாமல் இத்தனை காலம் நான் மறைத்து வைத்திருப்பது. ஐரோப்பியர் வருமுன்பே தென் அமெரிக்காவிலிருந்து பாலினேசியத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த ஒரு கிழங்கு உண்டு. நாம் சர்க்கரைவள்ளி என்கிறோமே, அதேதான். மவோரி மொழியில் அதன் பெயர் 'குமரா'. தென் அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்த பெயர் என்பது அறிஞர்கள் கருத்து. ஆனால் நாம் வள்ளி என்பதை அவர்கள் குமரன் என்கிறார்கள் என்பது புலவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சந்தா கட்டுவதைத்தான் நிறுத்திவிட்டாரே என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். மாதந்தோறும் முடிதிருத்தும் கடையில் இதழைப் படிக்கிறார் என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.