ஆர்டிஐசியில் எதை ஷேர்டு, எதை லோக்கல் என்று அறிவிப்பது? எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் போட்டால் என்ன?

கேட்டவர் ரஸ்ட் மொழியில், எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கு ஆர்டிஐசி (சிப்பில் பல வேலைகளை அவசரப்படி ஓட்டும் ஃபிரேம்வொர்க்) வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு டாஸ்க்கின் தலையிலும் அது தொடும் ரிசோர்ஸ்களை (டேட்டா, பின், டிரைவர் போன்றவற்றை), பல டாஸ்க்குகள் தொடுவது ஷேர்டு, ஒன்று மட்டும் தொடுவது லோக்கல் என்று பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. இது வீண் வேலையாகத் தெரிகிறது, எல்லா டேட்டாவையும் சேர்த்துக் கட்டிய ஒரே ஸ்ட்ரக்டை எல்லா டாஸ்க்குக்கும் பகிர்ந்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். டாஸ்க்கை எப்படி அறிவிப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

நானும் ஒருமுறை அப்படிப் பகிர்ந்திருக்கிறேன். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெட்லாக் (டாஸ்க்குகள் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துபோவது) ஆகவில்லை, டேட்டா கெடவில்லை. ஆனாலும் ஒரு ஸ்டோர் (உலர்த்தும் கூடம்) நிறைய ஏலக்காய் கெட்டது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

போடியில் கண்ட்ரோல் பேனல் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரள எல்லைக்குள் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள். வீடு இங்கே, தோட்டம் அங்கே. என் சித்தப்பாவும் அப்படித்தான். பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் தட்டு தட்டாகப் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டில் ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரிக்குள் ஒரு நாள் போல உலர்த்துவார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். போடியில் ஏலம் விட்டாலும் புத்தடியில் விட்டாலும் நிறம் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். சூட்டுக் காற்றைச் சுழற்றும் பெரிய ஃபேன் நின்றுபோனால் அடித்தட்டுக் காய் வெந்துபோகும், மேல்தட்டுக் காய் ஈரமாகவே கிடக்கும்.

சித்தப்பாவின் ஸ்டோருக்கு நான் செய்த கண்ட்ரோலரில் எஸ்டிஎம்32எஃப்103 சிப். வேலைகள் இவை: நாலு இடத்தில் டிஎஸ்18பி20 சென்சாரால் வெப்பநிலை பார்ப்பது, அதற்கேற்ப அடுப்புக்குக் காற்று ஊதும் புளோயரைப் போட்டு அணைப்பது, ஃபேன் புல்லியில் ஒட்டிய காந்தத்தை ஹால் சென்சாரால் எண்ணி ஃபேன் வேகம் கணக்கிடுவது, சின்ன ஓஎல்இடி திரையில் எல்லாம் காட்டுவது. இவை போக, சூடு எல்லை மீறினால் தெர்மோஸ்டாட் சுவிட்ச் ஒன்று நேராக இன்டரப்ட் (ஓடுகிற வேலையை நிறுத்திவைத்து உள்ளே வரும் சிக்னல்) கொடுக்கும், உடனே புளோயர் நிற்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் டாஸ்க்குக்குப் பிரையாரிட்டி 3, காந்தப் பல்ஸ் எண்ணும் டாஸ்க்குக்கு 2, மற்ற எல்லாம் 1 என்று வைத்தேன். ஆர்டிஐசியில் எண் பெரிதானால் அவசரம் அதிகம். இந்தச் சிப்பின் கோரான கார்டெக்ஸ்-எம் ஹார்டுவேரில் இது தலைகீழ், அங்கே சின்ன எண்தான் அவசரம். சிப்பின் மேனுவலையும் ஆர்டிஐசி ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். ஆர்டிஐசியே மாற்றிக்கொள்ளும், நீங்கள் பெரிய எண்ணை அவசரத்துக்குக் கொடுத்தால் போதும்.

தவறு ரிசோர்ஸில் இருந்தது. வெப்பநிலை, பல்ஸ் எண்ணிக்கை, புளோயர் பின் (புளோயரை இயக்கும் சிப்பின் கால்), அலாரம் நிலை எல்லாம் சேர்த்து "நிலை" என்று ஒரே ஸ்ட்ரக்ட். அதை எல்லா டாஸ்க்கிலும் ஷேர்டு என்று எழுதிவிட்டேன். திரை டாஸ்க் விநாடிக்கு இரண்டு முறை அதை லாக் செய்து, உள்ளே இருந்தபடியே படம் வரைந்து திரைக்கு அனுப்பி முடித்துத்தான் வெளியே வரும்.

இப்போது லாக் என்றால் இங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பைல் ஆகும்போதே ஆர்டிஐசி ஒவ்வொரு ஷேர்டு ரிசோர்ஸுக்கும் ஒரு உச்சவரம்பு கணக்கிடுகிறது. அந்த ரிசோர்ஸைத் தன் பட்டியலில் எழுதிய டாஸ்க்குகளில் எதற்குப் பிரையாரிட்டி அதிகமோ, அந்த எண்தான் வரம்பு. ஒரு டாஸ்க் லாக் செய்யும்போது, சிப்பில் உள்ள பேஸ்பிரை என்ற ரெஜிஸ்டரில் அந்த வரம்பு எழுதப்படுகிறது. லாக் முடியும்வரை அந்த வரம்பும் அதற்குக் கீழும் உள்ள எந்த டாஸ்க்கும் குறுக்கே வராது. வரம்புக்கு மேலே இருப்பது வழக்கம்போல் வரும். (பேஸ்பிரை எம்3, எம்4, எம்7 கோர்களில் உண்டு. எம்0-வில் கிடையாது, அங்கே இன்டரப்ட்களைத் தனித்தனியாக மறைத்து இதையே செய்கிறார்கள்.)

என் "நிலை"யைப் பிரையாரிட்டி 3 டாஸ்க்கும் பட்டியலில் வைத்திருந்ததால் அதன் வரம்பு 3. ஆக, திரை டாஸ்க் படம் அனுப்பும் நேரம் முழுவதும் தெர்மோஸ்டாட்டும் வர முடியாது, பல்ஸும் வர முடியாது. எவ்வளவு நேரம்? 128-க்கு 64 புள்ளித் திரைக்கு 1024 பைட். திரைக்குப் போகும் ஐ2சி என்ற ஒயர் வழியில் ஒரு பைட்டுக்கு 9 கிளாக். திரை பேனல் கதவில் இருந்தது, ஒயர் நீளம் என்பதால் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். கணக்குப் போட்டால் 92 மில்லிசெகண்ட்.

ஃபேன் 1440 ஆர்பிஎம். விநாடிக்கு 24 சுற்று, 42 மில்லிசெகண்டுக்கு ஒரு பல்ஸ். 92 மில்லிசெகண்டில் இரண்டு பல்ஸ் வரும், சமயத்தில் மூன்று. ஆனால் ஒரு இன்டரப்ட் காத்திருக்கிறது என்று சிப் நினைவில் வைப்பது ஒரே ஒரு பிட்டில். எத்தனை முறை வந்தது என்பதை அது எண்ணாது. ஒரு படம் அனுப்பும்போது ஒன்றோ இரண்டோ பல்ஸ் காணாமல் போகும். விநாடிக்கு இரண்டு படம். அதனால் ஓடுகிற 1440, திரையில் 1200-க்கும் 1320-க்கும் நடுவே ஆடும். பெல்ட் வழுக்குகிறது என்று அலாரம் அடிக்க நான் வைத்த எல்லை 1300.

அலாரம் ராத்திரி ராத்திரி அடித்தது. சித்தப்பா டார்ச்சோடு எழுந்து போய்ப் பார்ப்பார், பெல்ட் நன்றாகத்தான் இருக்கும். நான் போனபோது டாகோமீட்டரில் 1440 காட்டியது. ஹால் சென்சார் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றினேன். கொஞ்ச நாளில் அவர் பஸ்ஸர் ஒயரைக் கழற்றிவிட்டார். அதற்கப்புறம் ஒரு மழைநாள் ராத்திரி பெல்ட் நிஜமாகவே அறுந்தது. விடியும்போது அடித்தட்டுகள் எல்லாம் வெளுத்து, வெடித்துக் கிடந்தன.

"கத்துற கத்துல எது நெசம்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று மட்டும்தான் கேட்டார்.

அன்றைக்கு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, எடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டேன். இடப்பக்கம் டாஸ்க்குகள், மேலே டேட்டா. எந்த டாஸ்க் எதைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். இன்றும் புது ப்ராஜெக்ட் என்றால் கோடுக்கு முன்னால் இதைத்தான் செய்கிறேன். உங்களுக்கும் இதையே சொல்வேன்.

கட்டத்தில் ஒரே ஒரு டிக் விழுந்தது எல்லாம் லோக்கல். திரை டிரைவரைத் திரை டாஸ்க் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. சென்சார் பின்னும் அப்படியே. லோக்கலுக்கு லாக் வேண்டாம், செலவும் இல்லை. அதே லோக்கலை வேறொரு டாஸ்க் கேட்டால் கம்பைலர் மறுத்துவிடும். ஹார்டுவேரைத் தயார் செய்த பிறகுதான் உருவாகும் பொருளை தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் இனிட் ஃபங்ஷனில் செய்து திருப்பித் தர வேண்டும். வெறும் கவுன்ட்டர் மாதிரி ஆரம்ப மதிப்பு முன்பே தெரிந்ததை டாஸ்க்கின் அறிவிப்பிலேயே மதிப்போடு எழுதிவிடலாம், தனி ஸ்ட்ரக்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

சென்சார் திருத்த அளவுகளுக்கு நிறைய டிக் இருந்தது, ஆனால் இனிட்டுக்குப் பிறகு யாரும் அதை மாற்றுவதில்லை. இந்த மாதிரியானதைப் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஆம்பர்சண்ட் குறி போட்டு எழுதுங்கள். படிக்க மட்டும் கிடைக்கும், லாக் வேண்டாம். ஆனால் ஒரு டாஸ்க் படிக்க மட்டும் என்றும், இன்னொன்று முழு உரிமையோடும் ஒரே ரிசோர்ஸைக் கேட்டால் கம்பைல் ஆகாது.

மீதி நிஜமான ஷேர்டு. அதை எவ்வளவு சின்னதாக உடைக்க முடியுமோ அவ்வளவு உடைக்க வேண்டும். நான் மூன்றாக்கினேன். புளோயர் பின் தனி. அதைத் தெர்மோஸ்டாட் டாஸ்க்கும் கண்ட்ரோல் டாஸ்க்கும் தொடுவதால் வரம்பு 3, ஆனால் ஒரு பின்னை ஏற்றி இறக்குவதற்குள் லாக் முடிந்துவிடும். பல்ஸ் எண்ணிக்கை தனி. எண்ணும் டாஸ்க்கும், விநாடிக்கு ஒருமுறை அதை எடுத்துப் பூஜ்யமாக்கும் டாஸ்க்கும்தான் தொடும், வரம்பு 2. வெப்பநிலையும் அலாரம் நிலையும் ஒன்றாக. அதைத் தொடும் டாஸ்க்குகள் எல்லாம் பிரையாரிட்டி 1, அதனால் வரம்பும் 1. டாஸ்க்கின் பிரையாரிட்டியும் வரம்பும் ஒன்றாக இருந்தால் லாக் பேஸ்பிரையைத் தொடுவதே இல்லை. கோடில் மட்டும் லாக் என்று எழுத வேண்டும், ஓடும்போது செலவு கிடையாது.

திரை டாஸ்க்கையும் மாற்றினேன். லாக்குக்குள் மதிப்பை நகல் எடுத்து வெளியே வருவது, வரைவதும் அனுப்புவதும் அதற்குப் பிறகு. 92 மில்லிசெகண்ட் இன்றும் ஆகிறது, ஆனால் அந்த நேரத்தில் பல்ஸும் தெர்மோஸ்டாட்டும் தாராளமாகக் குறுக்கே வரலாம்.

ஒயரைச் சுருக்கி ஐ2சியை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்கியிருந்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 23 மில்லிசெகண்ட் ஆகியிருக்கும், ஒரு பல்ஸுக்கு மேல் அதற்குள் வராது, அலாரம் நின்றிருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் 23 மில்லிசெகண்ட் காத்திருப்பது அப்படியே இருந்திருக்கும். நானும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

இதற்கெல்லாம் பின்னால் உள்ள சிந்தனை பழையது. குறைந்த பிரையாரிட்டி வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர வேலை அதை ஓடவிடாமல் தடுக்க, மிக அவசரமான வேலை தவித்து நிற்பதைப் பிரையாரிட்டி இன்வர்ஷன் என்பார்கள். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் இதனால்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. இதற்கான தீர்வுகளை ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி மூவரும் 1990-இல் கட்டுரையாக எழுதினார்கள். அந்த ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுப் போனவர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அடுத்த ஆண்டு பேக்கர் எழுதிய ஸ்டாக் ரிசோர்ஸ் பாலிசிதான் ஆர்டிஐசியின் அடித்தளம். ஸ்வீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் ஆர்டிஎஃப்எம் என்ற பெயரில் வளர்ந்து, 2020-இல் ஆர்டிஐசி ஆனது.

அந்தப் பாலிசிப்படி ஒரு டாஸ்க் தொடங்கிவிட்டால், பூட்டுக்காக நடுவில் நிற்காது. பூட்டு கிடைக்காத நிலைமை இருந்தால் அது தொடங்கவே தொடங்காது. அதனால்தான் டெட்லாக் வராது, எல்லா டாஸ்க்குக்கும் ஒரே ஸ்டாக் போதும். ஆனால் யார் எதைத் தொடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்த வரம்பைக் கணக்கிட முடியும். நீங்கள் வீண் வேலை என்று சொல்லும் அந்தப் பட்டியல்தான் கணக்குக்கு உள்ளீடு. தேவையில்லாமல் ஒரு பெயரை அதில் எழுதினால், அந்த டாஸ்க் அதை ஒருபோதும் தொடாவிட்டாலும் வரம்பு ஏறிவிடும்.

டாஸ்க் அறிவிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் பெரிய சிக்கல் இல்லை. குறிப்பிட்ட இன்டரப்ட்டோடு கட்டினால் அது ஹார்டுவேர் டாஸ்க். கட்டாவிட்டால் சாஃப்ட்வேர் டாஸ்க், ஆர்டிஐசியின் இரண்டாம் பதிப்பில் அது அசிங்க் ஃபங்ஷனாக (நடுவில் அவெயிட் என்று காத்திருந்து பிறகு தொடரக்கூடியதாக) இருக்கும். சாஃப்ட்வேர் டாஸ்க் இருக்கும், பூஜ்யத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிரையாரிட்டி நிலைக்கும், நீங்கள் வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு இன்டரப்ட்டை டிஸ்பேச்சர் (அந்த டாஸ்க்குகளை ஓடவைப்பது) என்று கொடுக்க வேண்டும். எனக்கு எல்லாச் சாஃப்ட்வேர் டாஸ்க்கும் 1-இல் இருப்பதால் ஒன்று போதும். டிஎஸ்18பி20 முழுத் துல்லியத்தில் அளக்க 750 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். அளக்கச் சொல்லிவிட்டு அவெயிட்டில் காத்திருந்தால் அந்த நேரத்தில் திரை டாஸ்க் ஓடும். லாக்குக்குள் அவெயிட் எழுத முடியாது, கம்பைலர் விடாது. எனக்கு அது பிடித்த கட்டுப்பாடு.

சாஃப்ட்வேர் டாஸ்க்கைக் கிளப்பும் ஸ்பான் திருப்பித் தரும் எரரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அன்ராப் (எரர் இருக்காது என்று நம்பி எடுப்பது) செய்யாதீர்கள். அதே டாஸ்க் இன்னும் முடியாமல் இருந்தால் ஸ்பான் தோற்கும், அன்ராப் அங்கேயே பேனிக் ஆகும், ப்ரோகிராம் நின்றுவிடும். என் கோடில் தோற்றால் ஒரு கவுன்ட்டர் ஏறும், திரையின் ஓரத்தில் அந்த எண் தெரியும்.

சித்தப்பாவின் ஸ்டோரில் அந்த எண் இப்போது பூஜ்யத்தில் நிற்கிறது. பஸ்ஸர் ஒயரை அவரே திரும்ப மாட்டினார்.