அரசு அலுவலகங்கள் பழைய கருவிகளையும் பழைய விதிகளையும் ஏன் விடுவதில்லை?

அரசு ஊழியர்களுக்குச் சோம்பல், புதிதாக எதையும் கற்க மனமில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் தமிழ்நாடு அரசில் தட்டச்சராகச் சேர்ந்து, இன்றும் அதே துறையில் இருப்பவள் நான். எனக்கு அந்தக் காரணம் சரியாகப் படவில்லை. பழைய முறையில் செய்த வேலை கெட்டுப்போனால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். புதிய முறையில் செய்து கெட்டுப்போனால் என் பெயருக்கு மெமோ வரும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் ஒரு கடிதம் அடிப்பது.

நான் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைத் தேர்வுகளையும் தட்டச்சு இயந்திரத்தில் முடித்தவள். எங்கள் ஊர் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி பேட்ச். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வில் தேறினால்தான் டிஎன்பிஎஸ்சி வழியாகத் தட்டச்சர் வேலைக்கு வரமுடியும். கோத்ரெஜ் கம்பெனி 2011க்குள்ளாகவே தட்டச்சு இயந்திரம் செய்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிள்ளைகள் அதே இயந்திரத்தில்தான் தேர்வு எழுதினார்கள். உதிரிபாகத்துக்கு இன்ஸ்டிட்யூட்காரர்கள் பழைய இரும்புக் கடைகளில் அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது அரசு என்ன செய்தது? தட்டச்சுச் சான்றிதழை எடுத்துவிடவில்லை. அதோடு கணினிச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்டது. விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வளரும். ஒன்றைச் சேர்க்கக் கையெழுத்துப் போட யாராவது கிடைப்பார்கள், நீக்கக் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

தேர்வு இயந்திரத்தில் என்பதால் விரல்கள் இயந்திரத்தின் விசைப்பலகைக்கே பழகின. கணினியிலும் அதே விசைப்பலகை வேண்டும், அதற்கு ஒத்துவரும் பழைய எழுத்துருக்கள் வேண்டும் என்று ஆனது. அந்த எழுத்துருக்களில் உள்ள சிக்கல் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 'கொ' என்று அடிக்க, இயந்திரத்தில் அடித்ததுபோலவே முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையிலேயே அது கணினிக்குள்ளும் உட்காரும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான முறையான யூனிகோடில் எழுத்து முதலில், உயிர்க்குறி அதன் பின்னால். ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் குறியெண்ணும் இரண்டிலும் வேறு. அதனால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் யூனிகோடில் எதையாவது தேடினால் கிடைக்காது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்கப் புரியாத கிறுக்கல்தான்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 1999இல் கணினிக்கான தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடைத் தரமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அரசாணையும் போட்டது.

அந்த அரசாணை வந்து பல வருடங்கள் கழித்து எங்கள் பிரிவுக்கு ஒரு தம்பி புதிதாக வந்தார். தமிழ்99இல் மிக வேகமாக அடிப்பார். ஒரு பெரிய அறிக்கையை, 42 பக்கம், யூனிகோடில் அடித்து மேலலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மாலை நாலரைக்குத் திரும்பி வந்துவிட்டது. "எங்கள் கோப்போடு சேரவில்லை, வழக்கமான எழுத்துருவில் அனுப்பவும்." அரசாணையைக் காட்டலாமே என்று அவர் கேட்டார். அரசாணை நம் பக்கம்தான். ஆனால் மறுநாள் காலை கூட்டத்தில் அறிக்கை இல்லையென்றால் கேள்வி எங்கள் அதிகாரியைத்தான் கேட்பார்கள், அவர் எங்களைக் கேட்பார். இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப அடித்தார். அதற்குப் பிறகு அவர் யூனிகோடில் எதையும் அனுப்பவில்லை. அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா? 17 (பி) என்றால் என்ன என்று வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் கேட்டுப்பாருங்கள். பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நின்றுபோகும். ஓய்வுபெறும் நாளன்று ஓய்வுபெறவே விடாமல்கூடச் செய்த காலம் உண்டு. தணிக்கைக்கு வருபவர்கள் விதிப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். பொதுமக்கள் எத்தனை நாள் அலைந்தார்கள் என்று எந்தத் தணிக்கை அறிக்கையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த அலைச்சலுக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

பழையது எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சர்வர் விழுந்த நாளில் கையால் எழுதிய பதிவேடு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் மேலே இருப்பவர் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டால் மாற்றம் சீக்கிரமே நடக்கும். சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்காக நாயாய் அலைந்தோமே, 2014இல் மத்திய அரசு சுயசான்று போதும் என்றது. மூலச் சான்றிதழை எப்படியும் கடைசியில் பார்க்கத்தானே போகிறார்கள். ஜப்பானில் 2022இல் டிஜிட்டல் அமைச்சர் டாரோ கோனோ ஃபிளாப்பி டிஸ்கை ஒழிப்பேன் என்றார். அங்கேயும் ஊழியர்கள் ஃபிளாப்பி மேல் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. எந்தக் கருவியில் தரவேண்டும் என்று விதிகளிலேயே எழுதியிருந்தது. அப்படிப்பட்ட விதிகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, 2024 ஜூனுக்குள் ஒன்றைத் தவிர ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளிலிருந்து ஃபிளாப்பியை நீக்கினார்கள். கீழே இருக்கும் குமாஸ்தாவைத் துணிச்சலாக இரு என்று சொல்லி விட்டுவிடவில்லை.

எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். யூனிகோடில் வந்த கடிதத்தை எழுத்துருவைக் காரணம் காட்டித் திருப்பக்கூடாது, திருப்பினால் திருப்பியவர்தான் விளக்கம் தரவேண்டும் என்று ஒரு வரி. அப்படி ஒரு வரி எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் அந்தத் தம்பி அன்று ஐந்தே முக்கால் பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பார்.